துறைமுகமும் அலைக் கணக்கும்

கடற்கரையில் வாழாதவர்களுக்குத் துறைமுகம் என்றவுடன் நினைவுக்கு வருவன, கடலுக்குள் நீண்டு செல்லும் இரண்டு கற்சுவர்களும் அவற்றின் நடுவே அசைவற்றுக் கிடக்கும் நீர்ப்பரப்புமே ஆகும். வெளியே கடல் எவ்வளவு கொந்தளித்தாலும், சுவரைக் கடந்து உள்ளே வந்துவிட்டால் கப்பலுக்கும் படகுக்கும் அச்சமில்லை என்று நாம் எண்ணுகிறோம். இவ்வெண்ணம் முழுவதும் தவறன்று. முழுவதும் சரியும் அன்று. சுவர் அலையைத் தடுப்பது உண்மையே. ஆனால் கப்பல் நுழைவதற்கு ஒரு வாயில் வேண்டுமன்றோ? கப்பல் நுழையும் வாயிலில் அலையும் நுழைகிறது. நுழைந்த அலை உள்ளே எங்கே தணிகிறது, எங்கே பெருகுகிறது என்பதைச் சுவர் கட்டுவதற்கு முன்னரே அறிந்துகொள்ள இயலுமா? இதுவே இன்று நாம் சிந்திக்கப் புகும் பொருள்.

இக்கேள்வி வெறும் கணித ஆர்வத்தால் எழுந்ததன்று. சிறு மீன்பிடிப் படகுகள் கரையணைந்து மீனை இறக்கும் இடத்தில் அலையின் உயரம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டருக்கு மேற்படாதிருத்தல் வேண்டும் என்று வல்லுநர்கள் பொதுவாகக் கொள்கின்றனர். பெரிய சரக்குப் பெட்டகங்களை ஏற்றியிறக்கும் தளங்களில் அரை மீட்டர் அளவு வரை பொறுக்கலாம் என்பர். இங்கே அலையின் உயரம் என்று குறிப்பது, ஒரு நேரத்தில் வரும் அலைகளுள் மிக உயர்ந்த மூன்றிலொரு பங்கின் சராசரியை ஆகும். தனியோர் அலை அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு உயர்வதும் உண்டு. இந்த எல்லை மீறினால் பாரந்தூக்கி தன் வேலையை நிறுத்த வேண்டும். கப்பல் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் பண நஷ்டம். படகுக்கு நேரும் நஷ்டமோ பணத்தோடு நின்றுவிடுவதில்லை. படகோடு படகு மோதிப் பலகை உடையும். வாயிலில் கவிழ்ந்தால் உயிரே போகும். ஆகவே சில சென்டிமீட்டர் வேறுபாட்டை முன்கூட்டியே அறிவது, பலருடைய வாழ்வைத் தொடும் காரியமாகிறது.

முற்காலத்தில் இதனைக் கல்லைக் கொட்டிப் பார்த்தே கற்க வேண்டியிருந்தது. சென்னைத் துறைமுகத்தின் வரலாறே இதற்குச் சான்று. திறந்த கடலை நோக்கிய அக்கரையில் 1876-ஆம் ஆண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் எழுப்பத் தொடங்கினர். அவை நிறைவெய்தும் தறுவாயில், 1881-ஆம் ஆண்டு நவம்பரில் வீசிய புயல் அவற்றில் பெரும் பகுதியைத் தகர்த்தெறிந்தது. மீண்டும் கட்டினர். வாயில் கிழக்கே கடலை நேராக நோக்கியிருந்தபடியால், அலையும் மணலும் தடையின்றி உள்ளே புகுந்தன. பிறகு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங் என்பவர் துறைமுகத்தை நிர்வகித்த காலத்தில், கிழக்கு வாயிலை அடைத்துவிட்டு வடகிழக்கு மூலையில் புதிய வாயிலைத் திறந்தனர். வாயிலின் திசை ஒன்றை மாற்றுவதற்கு ஒரு தலைமுறைக் காலமும் பெரும் பொருளும் செலவாயின.

இனி, வாயிலில் நுழைந்த அலை எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதைக் காண்போம். அலையின் இயல்புகளுள் நான்கினை நாம் அறிந்துகொண்டால் போதும்.

முதலாவது, அலை ஆழத்திற்கேற்ப வளைகிறது. ஆழம் குறையக் குறைய அலையின் வேகம் குறைகிறது. சாய்வாக வரும் அலையின் ஒரு முனை ஆழமற்ற நீரில் தயங்க, மறு முனை விரைகிறது. எனவே அலை முழுவதும் திரும்புகிறது. எத்திசையிலிருந்து வரும் அலையும் கரையை நெருங்கும்போது கரைக்கு இணையாக வருவது இதனாலேயே.

இரண்டாவது, அலை மூலை திரும்புகிறது. சுவரின் முனையைக் கடந்த அலை, நேரே சென்றுவிடாமல், சுவரின் நிழலுக்குள்ளும் விசிறிபோல் விரிந்து பரவுகிறது. சுவருக்கு நேராக மோதவரும் அலையானால், நிழலின் எல்லைக் கோட்டில் அதன் உயரம் வெளியே இருந்ததில் ஏறத்தாழப் பாதியாக இருக்கும். நிழலுக்குள் செல்லச் செல்லத் தணியும். ஒளி ஒரு விளிம்பைக் கடக்கும்போது இவ்வாறே வளைகிறது. அதற்குரிய கணக்கை ஜெர்மானிய அறிஞர் ஸோமர்பெல்டு 1896-ஆம் ஆண்டிலேயே தீர்த்து வைத்தார். அக்கணக்கு கடலுக்கு வந்து சேர்ந்த கதை சுவையானது. இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் மாதம் நார்மண்டிக் கரையில் இறங்கிய நேசநாட்டுப் படைகளுக்குத் துறைமுகம் ஏதும் கைவசம் இல்லை. பெரிய கான்கிரீட் பெட்டிகளை இங்கிலாந்திலிருந்து இழுத்துச் சென்று கரையருகே மூழ்கவைத்து, இரண்டு செயற்கைத் துறைமுகங்களை அமைத்தனர். இவ்வகைச் சுவர்களின் பின்னே எவ்வளவு அமைதி கிட்டும் என்று கணிக்க, பென்னி, பிரைஸ் என்னும் பிரிட்டிஷ் அறிஞர்கள் ஒளிக்குரிய அப்பழைய தீர்வையே அலைக்குப் பொருத்தினர். அவர்களுடைய ஆராய்ச்சி 1952-இல் வெளியாயிற்று. எனினும் கடல் ஒரு பாடத்தையும் சேர்த்தே புகட்டிற்று. ஜூன் 19 முதல் 22 வரை அடித்த புயலில் அவ்விரு துறைமுகங்களுள் ஒன்று சிதைந்து பயனற்றுப் போயிற்று.

மூன்றாவது, அலை மோதித் திரும்புகிறது. செங்குத்தான கான்கிரீட் சுவர், தன்மேல் மோதும் அலையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேலாகத் திருப்பி அனுப்பும். கருங்கற்களைக் குவித்த சரிவோ, பெரும் பகுதியைத் தன் இடுக்குகளில் உறிஞ்சிக்கொண்டு, 30 முதல் 50 பங்கு வரையே திருப்பும். மணற்கரை திருப்புவது மிகச் சொற்பம். துறைமுகத்தின் உள்ளே ஒரு மணற்கரையை அகற்றிவிட்டு அங்கே நேர்சுவர்த் தளம் கட்டினால், முன்பு அமைதியாயிருந்த எதிர்ப்புறம் அலைக்களமாகிவிடுவது இதனாலேயே.

நான்காவது இயல்பே மிக நுட்பமானது. ஊஞ்சலில் இருக்கும் குழந்தையைத் தக்க தருணத்தில் மெல்லத் தொட்டுக்கொண்டிருந்தாலே போதும், ஊஞ்சல் மேன்மேலும் உயரச் செல்லும். துறைமுகத்து நீருக்கும் இத்தகைய சொந்த ஊசல் உண்டு. நான்கு பக்கமும் அடைத்த நீர்நிலை ஒன்றின் ஊசற்காலத்தை மெரியன் என்பார் 1828-இல் ஓர் எளிய சூத்திரமாகத் தந்தார். அதன்படி, 1,000 மீட்டர் நீளமும் 10 மீட்டர் ஆழமும் உடைய நீர்நிலை ஏறத்தாழ 200 வினாடிக்கு ஒரு முறை ஊசலாடும். ஒரு பக்கம் திறந்திருந்தால் அக்காலம் ஏறத்தாழ இரு மடங்காகும். 8 வினாடிக்கு ஒரு முறை வரும் சாதாரண அலை இந்த ஊஞ்சலை ஆட்ட முடியாது. ஆனால் கடலில் அலைகள் சீராக வருவதில்லை; பெரியவை சில, சிறியவை சில என்று கூட்டங் கூட்டமாக வருகின்றன. அக்கூட்டங்களோடு, கண்ணுக்குப் புலப்படாத தாழ்ந்த, மிக நீண்ட அலைகளும் உடன் வருகின்றன. அவற்றின் காலம் அரை நிமிடத்திலிருந்து சில நிமிடங்கள் வரை இருக்கும். அக்காலம் துறைமுகத்தின் ஊசலோடு பொருந்திவிட்டால், நீர்மட்டம் சில சென்டிமீட்டரே அசைந்தாலும், கட்டப்பட்ட பெருங்கப்பல் முன்னும் பின்னும் மெல்ல ஊர்ந்து, ஈற்றில் கயிறுகளை அறுத்துக்கொள்ளும். மேற்பரப்பைப் பார்ப்பவர் கண்ணுக்கோ நீர் அமைதியாகவே தோன்றும்.

இவ்விடத்தில் ஒரு விந்தையைக் குறிப்பிட வேண்டும். உள்ளே அலை மிகுந்தால் வாயிலைக் குறுக்கிவிடலாம் என்றே நம் பொது அறிவு கூறும். சிறிய அலைகளுக்கு அது மெத்தச் சரி. ஆனால் 1961-ஆம் ஆண்டில் மைல்ஸ், மங்க் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள், ஊசலோடு பொருந்திய நீண்ட அலைகளுக்கு இது நேர்மாறாகலாம் என்று கணித்துக் காட்டினர். உள்ளே புகுந்த ஊசல் ஆற்றல் வெளியேறவும் அதே வாயில்தான் வழி. வாயில் குறுகினால் ஆற்றல் உள்ளேயே சிறைப்பட்டு ஊசல் பெருகும். இதனைத் துறைமுகப் புதிர் என்றே அறிஞர்கள் வழங்குகின்றனர். குறுகிய வாயிலில் நீர் உராய்ந்து ஆற்றலை இழப்பதால் உண்மைத் துறைமுகங்களில் இவ்விளைவு ஓரளவு மட்டுப்படுகிறது. எனினும், சுவரை நீட்டுவதும் வாயிலைக் குறுக்குவதும் எப்போதும் நன்மையே தரும் என்னும் நம்பிக்கை அன்றோடு தகர்ந்தது. கணக்குப் பாராமல் கல் போடலாகாது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கணிப்பொறிகள் வருமுன் இத்தகைய ஐயங்களைத் தீர்க்கச் சிறு உருவ மாதிரிகளே துணையாயின. புணேக்கு அருகே கடக்வாஸ்லாவில் உள்ள மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையம் 1916-இல் தோன்றியது. நாட்டின் பல துறைமுகங்களை அங்கே நூற்றிலொரு பங்கு போன்ற சிறிய அளவுகளில் சிமெண்டினாலும் கல்லினாலும் அமைத்து, யந்திரத்தால் அலை எழுப்பிச் சோதித்து வந்துள்ளனர். நூறு மடங்கு குறுக்கினால் காலம் பத்து மடங்கு குறையும். கடலில் 10 வினாடிக்கு ஒரு முறை வரும் அலை மாதிரியில் ஒரு வினாடிக்கு ஒரு முறை வரும். கண்ணால் காண்பதால் இம்முறை நம்பிக்கை தருவது. அலை முறிவதையும் சுவரை மீறிப் பாய்வதையும் இது நன்கு காட்டும். ஆனால் சுவரை 50 மீட்டர் தள்ளி வைத்துப் பார்ப்போம் என்றால், மாதிரியை இடித்துக் கட்ட வேண்டும்.

இங்கேதான் எண்கணித மாதிரி துணைக்கு வருகிறது. அதன் அடிப்படை நம் வீட்டு வாசலில் இடும் புள்ளிக் கோலத்தை ஒத்தது. துறைமுகத்தின் நீர்ப்பரப்பு முழுவதும் வரிசை வரிசையாகப் புள்ளிகள் வைத்ததாகக் கொள்வோம். ஒவ்வொரு புள்ளிக்கும் அவ்விடத்து ஆழம் ஓர் எண்ணாகத் தரப்படுகிறது. ஒரு புள்ளியில் நீர் எவ்வாறு அசையும் என்பது அதன் நான்கு அண்டைப் புள்ளிகளில் நீர் எவ்வாறு அசைகிறது என்பதைப் பொறுத்தது. எந்த அளவுக்குப் பொறுத்தது என்பதை அலையின் நீளமும் ஆழமும் நிர்ணயிக்கின்றன. இவ்வுறவைக் கூறும் சமன்பாடு ஒவ்வொரு புள்ளிக்கும் ஒன்று. எல்லாச் சமன்பாடுகளையும் ஒருங்கே தீர்த்தால், துறைமுகத்தின் ஒவ்வொரு மூலையிலும் அலையின் உயரம் எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

எத்தனை புள்ளிகள் வேண்டும்? 8 வினாடி அலை 10 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 70 மீட்டர் நீளம் உடையது. ஓர் அலைக்குப் பத்துப் புள்ளிகளாவது வேண்டும் எனில், 7 மீட்டருக்கு ஒரு புள்ளி. 2 கிலோமீட்டர் நீளமும் அதே அகலமும் உள்ள துறைமுகத்திற்கு 80,000-க்கும் மேற்பட்ட புள்ளிகள், அத்தனை சமன்பாடுகள். அதுவும் ஒரு திசையிலிருந்து வரும் ஒரே வகை அலைக்கு மட்டும். பல திசைகளுக்கும், பல அலைகளுக்கும், வெவ்வேறு சுவர் அமைப்புகளுக்கும் இதனைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். மனிதக் கைக்கு ஆகாத இவ்வேலையைக் கணிப்பொறி சலிப்பின்றிச் செய்கிறது. வளைவதையும் மூலை திரும்புவதையும் ஒரே சமன்பாட்டில் அடக்கும் வழியை ஹாலந்து நாட்டு அறிஞர் பெர்க்ஹாஃப் 1972-இல் வகுத்தளித்தார். அலைக் கூட்டங்களிலிருந்து நீண்ட அலை பிறப்பதையும் காட்ட வேண்டுமாயின், பிரெஞ்சு அறிஞர் பூசினெஸ்க் 1872-இல் கண்ட சமன்பாடுகளை, சமமற்ற கடலடிக்கு ஏற்பப் பிற்காலத்தார் விரித்த வடிவில் கையாளுகின்றனர். வேலைக்குத் தக்க கருவி வேண்டும். தனித்தனி அலையைத் தொடராமல் அலை ஆற்றலின் சராசரியை மட்டும் கணிக்கும் மாதிரி திறந்த கடலுக்கு மிக ஏற்றது. துறைமுகத்தின் உட்பகுதிக்கு அதனையே நம்பினால், ஊசல் நம் கண்ணில் படாமலே போகும்.

இத்துணைச் சிறப்பிருந்தும், எண்கணித மாதிரி தானாக உண்மை பேசுவதன்று. நாம் எதைக் கொடுக்கிறோமோ அதற்கேற்பவே அது விடை தரும். மூன்று செய்திகளை நாம் தந்தாக வேண்டும்: வெளியிலிருந்து வரும் அலை, சுவர்கள் அலையைத் திருப்பும் அளவு, கடலடியின் ஆழம்.

வரும் அலையைப் பற்றிய செய்தி அக்கரையோரத்துக் காற்றோடு முடிந்துவிடுவதில்லை. தென் இந்தியப் பெருங்கடலில், பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் எழும் புயல்களின் அலைகள் நம் தென்மேற்குக் கரையை வந்தடைகின்றன. 16 வினாடிக் கால அலையின் ஆற்றல் ஆழ்கடலில் மணிக்கு 45 கிலோமீட்டர் வீதம், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,080 கிலோமீட்டர் செல்லும். ஆறாயிரம் கிலோமீட்டர் கடக்க ஆறு நாள் கூடத் தேவையில்லை. வானம் தெளிந்து காற்றே இல்லாத நாளில் கடல் திடீரெனப் பொங்கிக் கரையேறுவதைக் கேரளத்து மீனவர்கள் கள்ளக்கடல் என்பர். திருடனைப்போல் சொல்லாமல் வருவது என்பது பொருள். மீனவர் வழங்கிய இச்சொல்லையே யுனெஸ்கோ 2012-இல் அறிவியல் வழக்குக்கு ஏற்றுக்கொண்டது. ஐதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இன்று இத்தகைய அலைகளைக் குறித்து முன்னெச்சரிக்கை விடுத்து வருகிறது. அருகில் வீசும் பருவக்காற்றின் அலைகளை மட்டும் கணக்கில் கொண்டு ஒரு வாயிலை அமைத்தால், கள்ளக்கடல் வரும் நாளில் அக்கணக்கு நமக்கு உதவாது.

ஆழத்தைப் பற்றிய செய்தியோ இன்னும் விரைவாகப் பழையதாகிவிடும். 2 மீட்டர் உயர அலை, ஆழம் ஏறத்தாழ இரண்டரை மீட்டராகக் குறையும் இடத்தில் முறிந்து விழும். வாயிலில் 5 மீட்டர் ஆழம் உண்டு என்று கொண்டு கணக்கிட்டால், அவ்வலை முறியாமல் உள்ளே செல்லும் என்று கணிப்பொறி கூறும். ஒரு பருவத்தில் மணல் சேர்ந்து ஆழம் பாதியாகிவிட்டாலோ, அதே அலை அதே வாயிலில், படகின்மேல் முறியும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் உள்ள முதலப்பொழி மீன்பிடித் துறைமுகத்தை இங்கே நினைவுகூர வேண்டும். காயலும் கடலும் கலக்கும் அவ்விடத்தில், வாயிலின் இரு மருங்கும் அலைத்தடுப்புச் சுவர்கள் உள்ளன. மணல் மேடிட்ட அவ்வாயிலில் அலை முறிந்து படகுகள் கவிழ்ந்ததால், சென்ற பல ஆண்டுகளில் மீனவர் பலர் உயிரிழந்தனர். 2025 ஏப்ரலில் மணல் சேர்ந்து வாயிலே அடைபட்டுப் போயிற்று. காப்பதற்கென்று எழுந்த சுவர்களின் நடுவே, கரை கண்ணில் தெரியும் தூரத்தில், அம்மனிதர்கள் மாண்டனர். அலையின் கணக்கும் மணலின் கணக்கும் வேறு வேறல்ல என்பதையும், ஒரு முறை போட்ட கணக்கு என்றென்றைக்கும் நிற்பதன்று என்பதையும் இத்துயரம் நமக்கு உணர்த்துகிறது.

ஆதலால் நாம் செய்யத்தக்கது யாது? துறைமுகம் கட்டுமுன் கணிப்பது முதற்படியே. கட்டிய பின்னர் வாயிலுக்கு வெளியிலும் உள்ளிலும் மிதவைக் கருவிகளை வைத்து அலையை அளந்து, கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். ஒவ்வொரு பருவமழைக்குப் பின்னும் வாயிலின் ஆழத்தைப் புதிதாக அளந்து, அப்புதிய எண்களைக் கொண்டு கணக்கை மீண்டும் போடுதல் வேண்டும். முன்பு நெடுநாள் எடுத்த மாதிரி வேலை இன்று மிக விரைவில் முடிகிறது; எனவே மீண்டும் கணிப்பதற்குச் சோம்புவதற்கில்லை.

இன்னொன்றும் உண்டு. எந்தக் காற்றுக்கு எந்த மூலையில் நீர் குமுறும், எந்த மாதத்தில் எந்தப் பக்கம் மணல் ஏறும் என்பதை அன்றாடம் அவ்வாயிலில் நுழைந்து வெளியேறும் மீனவர் அறிவர். அவர் எண்ணில் சொல்வதில்லை; சொல்லில் சொல்கிறார். அச்சொல்லைக் கேட்டு, அது சுட்டும் இடத்தில் கருவியை இறக்கி அளப்பது வல்லுநரின் கடமை. கள்ளக்கடல் என்னும் சொல் மீனவர் வாயிலிருந்து ஆராய்ச்சி ஏடுகளுக்கு வந்ததுபோல், வாயிலைப் பற்றிய அவரது அறிவும் கணக்கிற்குள் வருதல் வேண்டும்.

கடல் ஓய்வதில்லை, அதனை ஓயச் செய்வதும் நம் நோக்கமன்று. ஒரு சிறு வாயிலின் உள்ளே, ஒரு படகு அணையும் அளவு நீரேனும் அடங்கி நிற்க வேண்டும் என்பதே நாம் வேண்டுவது. அந்த அமைதியின் அளவு 30 சென்டிமீட்டர். அதனைக் கல் விழுவதற்கு முன்னரே தாளில் கண்டுகொள்ளும் திறன் இன்று நம்மிடம் உள்ளது. கல் விழுந்த பிறகும் அதனை விடாமல் அளந்து வருவோமாயின், விடியற்காலையில் வலையோடு சென்றவர் பொழுது சாயுமுன் அதே வாயில் வழியே வீடு திரும்புவார்.